இரண்டு கந்தோர்களுக்கு நடுவே நமது முதியோர்

எனது உம்மா வீட்டு முற்றத்தில் வழுக்கி விழுந்தது 2011ஆம் ஆண்டின் மாரி காலத்தில். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது; செய்த வைத்தியர் திறமைசாலி. பன்னிரண்டாம் நாள் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கையில் தந்த துண்டு ஆங்கிலத்தில் இருந்தது. பத்திரிகைக்காரனான என்னால் அதைத் தட்டுத்தடுமாறி வாசிக்க முடிந்தது. ஆனால் உம்மாவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சோறு ஊட்டி, இரவில் எழுந்து பார்த்தவள் என் தங்கை. எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், எந்த நாளில் எழுப்பி நிறுத்த வேண்டும் என்பதை அவளுக்குச் சொல்ல எவரும் இருக்கவில்லை. நடப்பதற்கு ஒரு வோக்கர் கேட்டு சமூக சேவைப் பிரிவுக்குப் போனேன். வைத்தியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும் என்றார்கள். வைத்தியரின் கிளினிக் வாரத்தில் ஒரு நாள். அந்த நாளில் போனபோது அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றிருந்தார். புதியவர் வந்து, கடிதம் தந்து, அதை நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. உம்மாவின் முதுகில் அதற்குள் படுக்கைப் புண் வந்துவிட்டது.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அடுத்த வீட்டில் அப்போது கைக்குழந்தையொன்று இருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் அந்தப் பிள்ளையைப் பார்க்கத் தவறாமல் வருவார். எங்கள் வாசலைக் கடந்துதான் போவார். "மூத்தம்மாவுக்கு எப்படி?" என்று அன்போடு விசாரிப்பார். ஆனால் அவருடைய பதிவேட்டில் உம்மாவுக்கென ஒரு பக்கம் இருக்கவில்லை. அடுத்த நோன்பு வருவதற்கு முன் உம்மா காலமானார்.

எவர்மீதும் குறைகூற இதை எழுதவில்லை. வைத்தியர், தாதி, குடும்பநல உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் என ஐந்து பேரும் தத்தமது கடமையைச் செய்தவர்கள். ஒருவரது கடமை மற்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இந்த ஐவரும் எங்கே படித்தார்கள், ஏன் ஒன்றாகப் படிக்கவில்லை என்று பழைய நிருபரின் பழக்கத்தில் தேடத் தொடங்கினேன். அது என்னை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்னோக்கி அழைத்துச் சென்றது.

களுத்துறையில் ஒரு குழு

1926ஆம் ஆண்டு களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதார அலகு ஆரம்பிக்கப்பட்டது. கொக்கிப்புழு ஒழிப்பில் ஏற்கனவே இந்நாட்டில் ஈடுபட்டிருந்த அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் அதற்குக் கைகொடுத்தது. அன்றைய நிலையில் அது புதுமையான ஏற்பாடு. வரையறுக்கப்பட்ட ஒரு பிரதேசம். அதற்குப் பொறுப்பாக ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவரின் கீழ் சுகாதாரப் பரிசோதகர், பொதுச் சுகாதாரத் தாதி, மருத்துவிச்சி. நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திராமல் வீடு வீடாகச் செல்வது அவர்களின் வேலை. யார் எந்த வீட்டுக்குப் போனார், என்ன கண்டார் என்பது ஒரே கந்தோரில் ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தது.

களுத்துறை வெறும் முன்மாதிரியாக மட்டும் நிற்கவில்லை; பயிற்சிக்களமாகவும் ஆயிற்று. இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் என அறியப்படுவது அங்கிருந்து வளர்ந்ததே. வைத்திய அதிகாரிக்கும் மருத்துவிச்சிக்கும் ஒரே களத்தில் பயிற்சியளித்த அந்த முறை நாடெங்கும் பரவியது. கல்முனை முதல் பொத்துவில் வரை நமது ஊர்களில் இன்று இயங்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அனைத்தும் அந்தக் களுத்துறை விதையின் கிளைகளே. தாய்மார் மரணமும் சிசு மரணமும் இந்நாட்டில் அயல்நாடுகளை விடக் குறைந்தமைக்கு இந்த ஏற்பாடு ஒரு பிரதான காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்தக் குழுவின் பார்வை தாயின்மீதும் பிள்ளையின்மீதும் கிணற்றின்மீதும் மலசலகூடத்தின்மீதும் பதிந்திருந்தது. அதில் வியப்பில்லை. 1946ஆம் ஆண்டில்கூட இலங்கையரின் சராசரி ஆயுள் நாற்பதைச் சற்றே தாண்டியிருந்த காலம் அது. முதுமை அன்று ஒரு சுகாதாரப் பிரச்சினையாகவே எண்ணப்படவில்லை. மருத்துவிச்சியின் பதிவேட்டில் உம்மாவுக்குப் பக்கம் இல்லாமற் போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

கொழும்பில் இன்னொரு பாதை

முதியவர், ஏழை, அநாதை, அங்கவீனர் ஆகியோரின் கதை வேறொரு பாதையில் சென்றது. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம், அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை உள்ளூர் சபைகளிடம் ஒப்படைக்க முற்பட்டது. 1944இல் ஐவர் ஜெனிங்ஸ் தலைமையில் சமூக சேவைகள் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. 1947இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. மறு ஆண்டு, நாடு சுதந்திரம் பெற்ற அதே 1948இல், சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. அதற்கான ஊழியரைப் பயிற்றுவிக்க 1952இல் கொழும்பில் சமூகப் பணி நிறுவனம் தோன்றியது. அதுவே பின்னர் 1992ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாயிற்று.

இங்கே கற்றவர்களும் வீடு தேடிச் செல்லக் கற்றார்கள். குடும்பத்தாரிடம் விசாரிக்கவும், வறுமையின் பின்னணியை எழுதவும், உதவியைப் பெற்றுக்கொடுக்கவும் கற்றார்கள். ஆனால் களுத்துறையில் பயின்றவரும் கொழும்பில் பயின்றவரும் ஒரே வகுப்பறையில் அமர்ந்ததில்லை. ஒருவர் உடலைப் பார்க்கவும் மற்றவர் வீட்டைப் பார்க்கவும் பழக்கப்பட்டனர். பதிவேடு வேறு, படிவம் வேறு, மேலதிகாரி வேறு, அமைச்சு வேறு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பின்னர், மத்திய அரசின் கீழ் ஒரு பகுதியும் மாகாண சபையின் கீழ் இன்னொரு பகுதியுமாக இந்தப் பிரிவு மேலும் கிளைத்தது.

உலகம் கற்ற பாடம்

இரண்டையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை உலகம் 1935இலேயே கண்டது. லண்டனின் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை, பக்கத்திலிருந்த வறியோர் விடுதியின் நோயாளர் மண்டபங்களைப் பொறுப்பேற்றது. குணப்படுத்த முடியாதவர்கள் எனக் கைவிடப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்த 714 பேர் அங்கே இருந்தார்கள். மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். தாதியரையும் உடற்பயிற்சி அளிப்போரையும், அந்நாளில் அல்மனர் என்றழைக்கப்பட்ட வைத்தியசாலைச் சமூகப் பணியாளரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பலர் எழுந்து நடந்தார்கள். வீடு திரும்பக்கூடியவர் யார், அந்த வீட்டில் அவரைப் பார்ப்பதற்கு யார் இருக்கிறார் என்பதும் சிகிச்சையின் ஓர் அங்கமாயிற்று. காலப்போக்கில் 714 படுக்கைகளின் தேவை 240 ஆகக் குறைந்தது. முதியோர் மருத்துவம் என்னும் துறையே இந்த மண்டபங்களில் பிறந்தது என்பார்கள்.

அந்தத் துறையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்தவர் வைத்தியர் வி.எஸ். நடராஜன். இந்தியாவின் முதலாவது முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் அவரது முயற்சியால் தொடங்கியது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கான பட்டமேற்படிப்பும் ஆரம்பமானது.

பயிற்சியையே சேர்த்து அளித்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986இல் ஆரம்பித்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் வைத்திய மாணவரும் தாதிய மாணவரும் ஏனையோரும் முதல் பத்து வாரங்களை ஒன்றாகக் கற்றார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1988இலும் பின்னர் 2010இலும் இதைப் பற்றிய அறிக்கைகளை வெளியிட்டது. பல தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றியும் ஒருவரிடமிருந்தும் ஒருவரோடு சேர்ந்தும் கற்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். மிக எளிமையான விடயந்தான். ஒரு தாதிக்குச் சமூக சேவை உத்தியோகத்தரின் படிவம் எதுவெனத் தெரிந்திருந்தால், என் தங்கை வீட்டுக்கு வந்த அன்றே அந்த வோக்கரும் வந்திருக்கும்.

2000ஆம் ஆண்டின் சட்டம்

கல்முனைக் கரையோர மக்களுக்கு 2000ஆம் ஆண்டு என்றதும் செப்டெம்பர் 16ஆம் திகதியே நினைவுக்கு வரும். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃப் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்த நாள் அது. அதே ஆண்டில் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது என்பதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. நிருபராக இருந்த நானும் கவனிக்கவில்லை.

அறுபது வயதைக் கடந்தவரை முதியவர் எனக் கொண்டு, அவர்களுக்கென ஒரு தேசிய சபையையும் ஒரு செயலகத்தையும் இச்சட்டம் அமைத்தது. பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் செலவைக் கோருவதற்கு ஒரு பராமரிப்புச் சபையையும் ஏற்படுத்தியது. சிங்கப்பூர் 1995இல் இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. இந்தியா 2007இல்தான் இயற்றியது. அந்த வகையில் இலங்கை பின்தங்கி நிற்கவில்லை. பிரதேச செயலகங்களில் முதியோர் உரிமைகளுக்கெனத் தனி உத்தியோகத்தர்கள் நியமனம் பெற்றார்கள். 2011இல் சட்டம் திருத்தப்பட்டது.

ஆயினும் பெற்றோரைப் பார்க்க மறுக்கும் மகனை விசாரிக்க வழி செய்த சட்டம், பார்க்க விரும்பும் மகளுக்கு எப்படிப் பார்ப்பதென்று சொல்லிக்கொடுக்கும் குழுவை உருவாக்கவில்லை. நமது ஊர்களில் முதலாமவரை விட இரண்டாமவரே அதிகம்.

மகளின் வீடு

இதை விளங்கிக்கொள்ள நமது கரையோரத்தின் குடும்ப அமைப்பை அறிய வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் குடி என்பது தாய்வழியாக வருவது. கலியாணத்தின்போது மகளுக்கு வீடு கொடுக்கப்படும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்து எழுதியது இதைத்தான். பெற்றோர் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் ஒரு சிறிய மனைக்கோ பின்னறைக்கோ ஒதுங்குவார்கள். ஆகவே முதுமையில் உம்மாவையும் வாப்பாவையும் பார்ப்பவள் மகள். மருமகளோடு மல்லுக்கட்டும் நிலை இங்கே குறைவு. முதியோர் இல்லம் என்ற சொல்லே நமது ஊர்களில் வெட்கத்தைத் தருவது.

இந்த ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒன்றே: எல்லாம் அந்த ஒரு மகளின் தோளில் நிற்கிறது. 1980களிலிருந்து வறிய குடும்பத்துப் பெண்கள் பலர் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். பேரப்பிள்ளைகளை மூத்தம்மாவே வளர்த்தார். பார்க்கப்பட வேண்டியவர் பார்ப்பவராக மாறினார். படித்த மகள்மார் ஆசிரியைகளாகவும் எழுதுவினைஞர்களாகவும் காலையில் வேலைக்குப் போகிறார்கள். வளவில் பகல் முழுவதும் தனித்திருக்கும் முதியவர்களை இன்று எந்த ஒழுங்கையிலும் காணலாம்.

ஒரு கூடாரத்தில் கண்டது

இரு கந்தோர்களும் ஒரே இடத்தில் இயங்கியதை என் வாழ்நாளில் ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் கரையோரத்தை இழந்து நின்றன. ஓட முடியாதவர்களை, அதாவது குழந்தைகளையும் முதியவர்களையுமே, கடல் முதலில் கொண்டுபோனது.

அந்த நாட்களில் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் அமைந்த முகாம்களுக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். ஒரு முகாமின் கூடாரத்தில் வைத்தியர் ஒருவரும் சமூக சேவை உத்தியோகத்தரும் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் ஒருவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரே ஒரு கொப்பி. சீனி வருத்தத்துக்கு மருந்து இல்லாதவர் யார், கண்ணாடியை இழந்தவர் யார், மகளை இழந்தவர் யார், யாரை யாருடைய கூடாரத்தில் சேர்ப்பது என்று அதில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எவரும் எவரிடமும் சிபாரிசுக் கடிதம் கேட்கவில்லை. முகாம் கலைந்தபோது அந்தக் கொப்பியும் கலைந்தது.

எல்லாமே கலைந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடற்கோளின் அதிர்ச்சியைத் தொடர்ந்து 2005இல் அரசாங்கம் உளநலக் கொள்கையொன்றை ஏற்றுக்கொண்டது. உளநல வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோர் ஒரு குழுவாக மாவட்டந்தோறும் இயங்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உளநோயாளிக்கு அந்தச் சிந்தனை வந்தது, முதியவருக்கு வரவில்லை.

மலப்புறம் காட்டிய வழி

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் கேரளத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி மற்றும் சாந்த்வனப் பராமரிப்புச் சங்கம் ஆரம்பமானது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் அது வைத்தியசாலையை விட்டு ஊருக்குள் இறங்கியது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் அது மிக வேகமாக வேரூன்றியது. ஆசிரியர், மீனவர், கடைக்காரர், குடும்பப் பெண்கள் எனச் சாதாரண மக்கள் பதினாறு மணித்தியால வகுப்பும் நான்கு நாட் களப்பயிற்சியும் பெற்றுத் தொண்டர்களானார்கள். தாதியோடும் வைத்தியரோடும் அவர்களும் வீடுகளுக்குச் சென்றார்கள். புண்ணைக் கழுவும் தாதியும், அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்க்கும் தொண்டரும் ஒரே வாகனத்தில் திரும்பினார்கள். 2008இல் கேரள அரசு இதை ஒரு கொள்கையாகவே ஏற்றது.

மலப்புறத்தைப் போன்றே நமது ஊர்களிலும் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் ஜமாஅத் உண்டு. மரணம் நேர்ந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் குழி வெட்டவும் கபன் தைக்கவும் ஆட்கள் திரண்டு வருவார்கள். இறந்தவருக்கு இத்தனை நேர்த்தியாகச் சேவை செய்யத் தெரிந்த நமக்கு, இறப்பதற்கு முந்திய ஐந்தாண்டுகளை ஒழுங்குபடுத்தத் தெரியாமற் போனது எப்படி?

இனிச் செய்யக் கூடியது

1981இல் இலங்கையரில் நூற்றுக்கு 6.6 பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2012இல் அது 12.4 ஆயிற்று. அம்பாறை மாவட்டம் இந்தச் சராசரியை விட இளமையானது. அதனால் நமக்குச் சற்று அவகாசம் இருக்கிறது; ஏனைய மாவட்டங்கள் இன்று படும் பாட்டைப் பார்த்து நாம் முன்கூட்டியே ஆயத்தமாகலாம்.

வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. 1986 முதல் இயங்கும் ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா நிறுவனம் வீட்டுப் பராமரிப்புத் தொண்டர்களைப் பயிற்றுவித்த அனுபவத்தைக் கொண்டது. 2017இல் முதியோர் சுகாதாரத்துக்கெனத் தேசியக் கொள்கையொன்றை சுகாதார அமைச்சு வகுத்தது. முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் நாட்டில் வந்துவிட்டது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம், மருத்துவத்தையும் தாதியத்தையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சமூகவியல் கற்பிக்கிறது. இவ்விரு இடங்களுக்கும் இடையில் இருப்பது சில மணித்தியால பஸ் பயணம் மட்டுமே.

நான் கேட்பது பெரிய கட்டடமொன்றை அல்ல. மருத்துவ மாணவர், தாதிய மாணவர், சமூகவியல் மாணவர் என மூவர், மாதத்தில் ஒரு நாள், நமது ஊரொன்றில் ஒரே முதியவரின் வீட்டுக்குச் சேர்ந்து போகட்டும். பணியிலிருக்கும் குடும்பநல உத்தியோகத்தரும் பிரதேச செயலகத்தின் முதியோர் உத்தியோகத்தரும் அவர்களோடு அமர்ந்து அந்த ஒரு வீட்டைப் பற்றி ஒரே கொப்பியில் எழுதட்டும். டிக்கட் வெட்டும்போது ஒரு பக்கத்தைத் தமிழில் எழுதி, பார்க்கப்போகும் மகளின் கையில் கொடுத்து, வாயாலும் ஒரு முறை சொல்லட்டும். இந்தப் பயிற்சி தமிழிலேயே நடக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். உத்தியோகத்தர்களுக்குத் தமக்குள் பொதுவான சொற்கள் இல்லாவிடில், வீட்டாருக்கு அவர்கள் எதை விளக்குவார்கள்?

தோஹாவிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து இதை வாசிக்கும் நமது பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அனுப்பும் பணத்தில் சக்கர நாற்காலிகள் வருகின்றன, நன்றியுடையோம். அடுத்த முறை விடுமுறையில் ஊருக்கு வரும்போது சுகாதாரப் பணிமனைக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஒருமுறை போய், முதியோருக்குப் பொறுப்பானவர் யாரென்று இரு இடத்திலும் விசாரியுங்கள். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததுண்டா என்றும் கேளுங்கள். சந்தித்திராவிட்டால், உங்கள் உம்மா வாப்பாவின் வீட்டில் ஒரு தேநீருக்கு இருவரையும் அழையுங்கள்.

உம்மாவின் வோக்கர் கடைசியில் கிடைத்தது. அவர் மௌத்தாகிப் பதினொரு நாட்களுக்குப் பிறகு, கையொப்பமிட்டு எடுத்துச் செல்லும்படி தகவல் வந்தது. அதை வாங்கி, அதே ஒழுங்கையில் இருந்த இன்னொரு மூத்தம்மாவிடம் கொடுத்தேன். அதை எந்த உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டுமென்று அவருடைய மகள் என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.